பழைய எண், புதிய எண்

கதவு எண்ணையே சாவியாக வைத்தேன்.
இரண்டு நாள் ஓடியது.

மூன்றாம் நாள் மேற்கு மாம்பலத்தில்
பழைய எண் பதினாலுக்குப் போகவேண்டிய லாரி
புதிய எண் பதினாலின் தொட்டியை
நிரப்பிவிட்டு வந்தது.
ஒன்பதாயிரம் லிட்டர்.
டிரைவர் எத்திராஜ் போனில் சொன்னதை
எந்தக் கட்டத்திலும் சேமிக்க முடியாது.

ஆபீஸ் பூட்டும் நேரத்துக்கு மேல் உட்கார்ந்து
அட்டவணையை உடைத்தேன்.
வீடு தனி, ஆள் தனி, நடை தனி.
சாவிக்கு, எதையும் குறிக்காத ஓர் எண்.
தெருவின் பெயர் மாறட்டும்,
மாநகராட்சி மறுபடி முதலிலிருந்து எண்ணட்டும்,
அது அசையாது.

மாடி வீட்டுக்காரர் போன் எண் தரவில்லை.
பூஜ்யம் என்று போட்டால் பொய்.
'தெரியாது' என்பதற்கும் ஓர் இடம் விட்டேன்.

ஏப்ரலில் அந்தப் பழைய பதினாலு,
ஜம்புலிங்கம் சார், தவறிவிட்டார்.
அவர் வரியை அழிக்கப் போனேன்.
முடியாது என்றது திரை:
நாற்பத்தொரு நடை இன்னும்
இவரைச் சுட்டிக்கொண்டிருக்கிறது.

நான் எழுதிய விதிதான்.
மறந்திருந்தேன்.

அழிக்கவில்லை.
'முடிந்த தேதி' என்று ஒரு கட்டம் சேர்த்து
அவருக்கு மட்டும் நிரப்பினேன்.

மற்ற எல்லா வரியிலும்,
ஆபீஸ் கணக்கிலிருக்கும் என் வீட்டு வரியிலும்,
அங்கே
தெரியாது.