பதினாறாவது வளைவு

நாகலூரிலிருந்து கீழே வரும்போது
பதினாறாவது வளைவில்
லோ கியர் தானாகக் கழன்றுகொள்ளும்.

சைக்கிள் டியூபால் கட்டிப் பார்த்தேன், அறுந்தது.
பிறகு ரெண்டு வருசம்
தங்காயிதான் லீவருக்கு முட்டுக்கொடுத்தாள்
வலது முழங்காலால்,
மடியில் ஆரஞ்சுக் கூடையோடு.

"கியர் பாக்ஸ் போச்சு" என்றார் ஒருவர்.
"கிளட்ச்" என்றார் இன்னொருவர், முன்பணம் கேட்டு.

செவ்வாய்ப்பேட்டை ஜபருல்லா
எதுவும் சொல்லாமல் ஜீப்புக்கடியில் படுத்து
ஷாஃப்ட் முனையைப் பிடித்துக் குலுக்கினார்.
டொக்.
"கேட்டுதா?"
மறுபடி, டொக்.

வடித்த ஆயிலில் தூள் மினுங்கியது,
கொலுசுப் பட்டறையில் அரம் போட்டாற்போல.
"வெள்ளின்னா வித்திருக்கலாம்" என்றார்.

நடுத்தண்டில் நகம் சிக்கும் பள்ளம்.
புதுத் தண்டு, புது ஸ்ப்ரிங்.
ஊசி பேரிங்குகளைக் கிரீஸில் ஒட்டி ஒட்டி எண்ணினார்.
ஒன்று குறைந்தது.
அரைமணி நேரம் தேடினோம்;
அவர் செருப்பில்தான் ஒட்டியிருந்தது.

பதினோராயிரம்.
ஆறு கொடுத்தேன், மீதி மிளகு விற்றதும்.

நேற்று இறங்கினோம்.
பதினாறு வந்தது.
லீவர் அசையவில்லை.
தங்காயியின் முழங்கால் மட்டும்
பழக்கத்தில் வந்து ஒட்டி நின்றது.

"இனி தள்ளி உக்காரலாம்" என்றேன்.

கூடையைச் சரிசெய்தாள்.
தள்ளவில்லை.