முப்பத்தொன்று

நான் மேடைக்கு வருவதில்லை.
இடப்பக்கத் திரைச்சீலைக்குப் பின்னால், முக்காலியில்,
நடிப்பவர்கள் தடுமாறினால்
அடியெடுத்துக் கொடுப்பவள்.
சம்பளம் கிடையாது. இரவுச் சாப்பாடு உண்டு,
பெரும்பாலும் ஆறிப்போன நூடுல்ஸ்.

ஓக்லாந்தில் பழைய சலவைக்கூடம் ஒன்றை
அரங்கமாக்கியிருக்கிறார்கள்.
மழை பெய்தால் சுவர் இன்னும் சோப்பு மணக்கும்.

இந்த நாடகத்துக்கு யாரும் வசனம் எழுதவில்லை.
காப்பகத்தில், அட்டைப்பெட்டிக்குள் கிடந்த
நாற்பத்து நான்கு பக்கங்கள்:
அதிகாரி கேட்டது, அவள் சொன்னது.
மொழிபெயர்ப்பாளரின் இருமல் மட்டும்
நாங்கள் சேர்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு, மார்ச்.
விரிகுடா நடுவே தீவு.
கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்
ஏழு வாரம் அடைபட்டிருந்தாள்.
பெயர்: மோய் ஷீ.
அது பெயரே அல்ல.
மோய் வீட்டில் பிறந்தவள், அவ்வளவுதான்.
சுவரொட்டியில் என்ன போடுவதென்று
மூன்று வாரம் சண்டை போட்டோம்.

உன் வீட்டு வாசல் எந்தத் திசை பார்க்கிறது?
அடுப்படியில் எத்தனை சன்னல்?
அரிசிப் பானை யார் கட்டிலுக்குக் கீழே?
வாசலிலிருந்து கிணற்றுக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்?

வேறோர் அறையில் கணவனிடமும் இதையே கேட்டார்கள்.
பதில்கள் ஒத்துப்போனால் மனைவி.
பிசகினால் அடுத்த கப்பல்.

ஆகவே தன் வீட்டையே அவள்
வேறொருத்தியின் வீடுபோல உருப்போட்டிருப்பாள்,
கணவன் அனுப்பிய தாளை
ஹோனலுலு தாண்டியதும் கிழித்துக் கடலில் விட்டிருப்பாள்.
இது கோப்பில் இல்லை. எங்கள் ஊகம்.

இயக்குநர் லெனோர் ஓங் சொல்வாள்:
"நமக்கு முன்பே அவள் நடிகை.
அவளுக்குக் கிடைத்த கைதட்டல் ஒரு ரப்பர் முத்திரை."
எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை.
நன்றாக இருக்கிறது, அதனால்தான்.

மோய் ஷீயாக வருபவள் பெர்னிஸ் டோங்,
பகலில் டயாலிசிஸ் பிரிவில் செவிலி.
திசை வரும் அவளுக்கு, சன்னல் வரும், பானை வரும்.
கிணறு மட்டும் வராது.
நான் கிசுகிசுப்பேன்: முப்பத்தொன்று.
மறுநாளும்: முப்பத்தொன்று.

கணவன் இருபத்தெட்டு என்றிருந்தான்.
ஆண் எட்டு நீளம், அவள் பாதம் சிறிது என்று
அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
அந்த மூன்று அடிக்குத்தான்
ஏழு வாரம்.

முதல் காட்சி. எண்பது நாற்காலி, எழுபத்தொரு பேர்.
அதிகாரி கேட்டார்.
பெர்னிஸ் வாயைத் திறந்தாள். மூடினாள்.
அவள் கண் என் பக்கம் வந்தது.
நாக்கு நுனியில் எண் இருந்தது எனக்கு.
அன்று அவளுக்கு அடியெடுத்துக் கொடுக்க
யார் இருந்தார்கள் என்று
அந்த நேரம் பார்த்தா நினைக்க வேண்டும்,
தாமதித்துவிட்டேன்.

பெர்னிஸ் எழுந்தாள்.
வாய்விட்டு எண்ணியபடி நடந்தாள்.
பன்னிரண்டில் மேடை தீர்ந்தது.
படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே,
யாரோ கால்களை இழுத்துக்கொண்டார்,
இருபத்தாறில் சீட்டு விற்கும் மேசை,
முப்பதில் கதவு.
மிச்சம் ஒன்றைத் தெருவில் வைத்தாள்.

வெளியே ஒரு பேருந்து நின்று, கிளம்பிப் போனது.
மேடையில் அதிகாரி
தூக்கிய பேனாவை இறக்காமல் இருந்தார்.
நான் பக்கத்தைப் புரட்டினேன்.
அடுத்த கேள்வி,
அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகுமா என்பது.