இங்கே எட்டு, அங்கே ஒன்பதரை

முசாஃபா. எட்டுக் கட்டில் அறையில்
எனக்கு மேல்தளம், ஏசி சொட்டும் மூலை.
இரவு எட்டுக்கு என் போன்
ஒருமுறை நடுங்கி அடங்கும்.
திரையில் ஒரே சொல்:
சாப்பிட்டாச்சா?

எட்டிப் பார்ப்பவன்
வீட்டுக்காரி என்று நினைத்துக்கொள்வான்.
செயலியின் முகப்பில் ஒரு கிரிக்கெட் மட்டை.
திறந்தால் நிஜமாகவே ஸ்கோர் ஓடும்.
மட்டையை மூன்று விநாடி
அழுத்திப் பிடித்தால்தான் மாத்திரைக் கணக்கு.
பழக்கிவிட்டது பொற்கொடி மேடம்,
திருச்சி ஆஸ்பத்திரியின் பின்கட்டில்,
மின்விசிறி சுற்றாத அறையில்.
பெயர் போடாதீங்க, என்றார்.
அதில் நான் பயனர் நாலு ஒண்ணு ஒண்ணு ஏழு.
பரவாயில்லை,
இங்கேயும் எனக்கு அட்டை எண்தான்.

குலுங்கினால் காட்டிக்கொடுக்கும் என்று
வைட்டமின் டப்பாவுக்குள் பஞ்சு திணித்தவள்
என் மனைவி தமிழரசி.
எனக்கு இருக்கிறது என்று சொன்ன நாளில்
நான் அழவில்லை.
அவளுக்கு இல்லை என்று சொன்ன நாளில்
பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையில் நின்று
ஐந்து ரூபாய்க்கும் அழுதேன்.

இங்கிருந்து கூப்பிட்டால் லைன் போகாது.
குரலைப் பதிந்து அனுப்பலாம்.
குமட்டுது மேடம், என்பேன் குளியலறையில்
குழாயைத் திறந்துவிட்டு.
மறுநாள் பதில் வரும்,
பின்னால் யாரோ டோக்கன் எண் கூவ:
வெறும் வயித்துல போடாதீங்க,
பத்து நாள்ல பழகிடும்.
பழகியது.

போன லீவில் எடுத்த ரிப்போர்ட்
மட்டைக்குப் பின்னால் படமாக இருக்கிறது:
கண்டறிய இயலாத அளவு.
சாரத்தின் நான்காம் தட்டில்
கிளாம்ப் முடுக்கும்போது
அந்த மூன்று சொல்லையும் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.
கீழிருந்து பார்த்தால்
என்னையும் அப்படித்தான்
கண்டறிய இயலாது.

ஆனால் விசா புதுப்பிக்க ஊசி போடுகிறவன்
கிருமியைத் தேடுவதில்லையாம்.
கிருமியை எதிர்த்து உடம்பு வார்த்த ஆயுதத்தைத் தேடுவானாம்.
அது போகாது, என்றார் மேடம்.
நான் ஜெயித்ததற்கான சாட்சியே
என்னைப் பிடித்துக் கொடுக்கும்.
இன்னும் முப்பத்தெட்டு நாள்.
டப்பாவில் நாற்பத்தொரு மாத்திரை.
செயலிக்கு மாத்திரை மட்டும்தான் எண்ணத் தெரியும்.

நேற்று சாரத்தின் மேலிருந்து போன் விழுந்தது.
பொறுக்கிப் பார்த்தால்
கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை,
உள்ளே உயிரில்லை.
ராத்திரி எதுவும் நடுங்கவில்லை.
யாரோ சார்ஜாவில் வாங்கிய லாட்டரியைப் பற்றி
எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்,
நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்,
என் கையில் பாதி தின்ற குபூஸ்.
பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்த நைனா முகமது
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான்,
பிறகு கரண்டியைப் பார்த்தபடியே கேட்டான்:
என்னப்பா,
சாப்பிட்டாச்சா?

வாயில் குபூஸோடு நான் விழித்தேன்.
அவன் உப்புப் போடப் போய்விட்டான்.
எட்டு மணி ஆறு நிமிடம்.
ஏணியேறி, டப்பாவைத் திறந்து,
பஞ்சை எடுத்துவிட்டு விழுங்கினேன்.
இறங்கி வந்து, ஆச்சு, என்றேன்.
அவன் எதுவும் கேட்கவில்லை,
என் தட்டில் பருப்பை ஊற்றினான்.
எத்தனை நாளாகத் தெரியும் என்று
நானும் கேட்கவில்லை.

இன்று அவன் போனில் என் எண்ணைப் போட்டு
மேடத்துக்குப் பேசி அனுப்பினேன்:
முப்பத்தேழு நாள்ல
என்னைப் பிடிச்சு ஏத்திவிட்டா?
பதில் இப்போதுதான் வந்தது.
பதினொரு விநாடி.
அதில் முதல் நான்கு விநாடி
ஒன்றுமே பேசவில்லை.
பிறகு:

எந்த ஏர்போர்ட்ல உட்கார வெச்சாலும்
நேரத்தை விட்டுறாதீங்க.
அங்க எட்டு.
இங்க வந்துட்டா ஒன்பதரை.
மாத்திரைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.