ஒரு பிடி கழிவு நூல்

மாத்திரை டப்பா பேசும்.
முப்பது இருந்தால் முணுமுணுக்கும்,
பத்து இருந்தால் ஊரையே கூட்டும்.
தறியில் கழித்த நூலை ஒரு பிடி அடைத்து
அதன் வாயைக் கட்டி வைத்திருக்கிறேன்.

நகரியில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை.
அங்கே சீட்டு எழுதுகிறவள் எங்கள் தெரு.
அதனால் மாதம் ஒருமுறை
ஏகாம்பரகுப்பத்தில் ஏறுவேன்.
வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை வரும்.
பலகையைப் படித்து முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும்.
இவ்வளவு நீளப் பெயரை வாய் நிறையச் சொல்கிற ஜனம்
மூன்றே எழுத்தை
கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிறது.
பொன்பாடி தாண்டினால் தெலுங்கு குறையும்.
திருத்தணியில் நான் யாரோ.

இன்று புதுப் படிவம்.
கவுன்சலர் பையனும் புதிது.
'ஆபத்துக் காரணி' என்று வாசித்துவிட்டு
என் முகம் பார்க்காமல் கட்டங்களைக் காட்டினான்.
ஊசி. ரத்தம். தாய். பல பேருடன் உறவு.
கல்யாணத்துக்குக் கட்டம் இல்லையா தம்பி என்றேன்.
பேனா நின்றது.
சாயப்பட்டறைச் செங்கல்வராயனை
ரெண்டு பவுனும் ஒரு சைக்கிளும் கொடுத்துக் கட்டினோம்.
அவர் எங்கிருந்து கொண்டுவந்தார்,
அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.
நான் கேட்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.
'மற்றவை'யில் டிக் அடித்தான் பையன்.

மற்றவை.
நாத்தனார் எனக்கென்று ஒதுக்கிய டம்ளரையும்
அதில்தான் சேர்க்க வேண்டும்.
பதினோரு வருஷத்தில்
அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தொற்றவில்லை,
அவள் பயம் அவள் மகளுக்குத் தொற்றியதைத் தவிர.

ஊசி அறையில் ஹெப்சிபா சிஸ்டர்.
மஞ்சள்காமாலை பி ஊசி, இன்னைக்கு முதல் தவணை என்றாள்.
உள்ளே தூங்குறதை எழுப்பிவிடுமோ?
'இதுல உசுருள்ள கிருமியே கிடையாது, மேல்சட்டை மட்டும்தான்.
திருடன் சட்டையை நாய்க்கு மோப்பம் காட்டுறோமே, அது மாதிரி.
உசுரோட இருக்கிற ஊசியும் சிலது உண்டு, தட்டம்மைக்குப் போடுறது போல.
அதுக்கு உன் எண்ணிக்கை இருநூறுக்குக் கீழ இருக்கக் கூடாது.
உனக்கு நானூத்திப் பன்னிரண்டு.'
நானூற்றுப் பன்னிரண்டு.
பள்ளியில்கூட என் மார்க்கை
யாரும் இப்படிச் சந்தோஷமாகச் சொன்னதில்லை.
வைரஸ் அளவுக்கு நேரே வெறும் கோடு.
கண்ணில் அகப்படவில்லையாம்.
ரெண்டு பேரும் ஒளிந்துதான் வாழ்கிறோம்,
அது என்னிடம்,
நான் நகரியிடம்.

திரும்பும்போது தோள் கனத்தது.
எதிரே ஒரு பையன், ஐடிஐ சட்டை, மடியில் பை.
பொன்பாடி வளைவில் பெட்டி குலுங்க
பை பேசியது.
பயறு அப்படிப் பேசாது. சில்லறை அப்படிப் பேசாது.
அவன் பையை அமுக்கிக்கொண்டு
ஜன்னலில் எதையோ தேடினான்.
வேர்க்கடலைக்காரன் வந்து போனான்.

என் பையில் கையை விட்டேன்.
இன்றைக்குச் சிவப்பும் பச்சையும்,
யார் புடவைக் கரைக்கோ ஓடி அறுந்தது.
பாதியைப் பிய்த்து அவன் முன்னே நீட்டினேன்.
'எந்துக்கு?' என்றான்.
டப்பாவுக்கு.

வாங்குவானா என்று தெரியவில்லை.
வாங்கினான்.
வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை வந்தது, நின்றது, போனது.
அவன் இன்னும்
குனிந்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.