யன்னலுக்குத் தனிக்காசு

டிக்கெட் மலிவு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
இராப் பேருந்தில் கொழும்புக்குப் போய்,
வெள்ளவத்தையில் மச்சானின் சோபாவில் முதுகை மடக்கி,
கட்டுநாயக்காவில் வரிசையில் நின்று போன காலத்தில்
கண் ஆஸ்பத்திரியைக் காணமுன்னமே கண் சிவந்துவிடும்.
இப்போது பலாலியிலிருந்து ஒரு மணித்தியாலம் சொச்சம்.

பதினைந்து கிலோதான். தராசு பதினெட்டுக் காட்டியது.
கறுத்தக்கொழும்பான் இரண்டைக் காற்சட்டைப் பைகளில் திணித்தேன்.
மிளகாய்த்தூள் தயானந்தியின் கைப்பைக்குப் போனது.
ஒடியல் மா ஓட்டோக்காரப் பெடியனுக்கு.
"கூழ் காய்ச்சுங்கோ தம்பி" என்றேன்,
ஏதோ நானாக விரும்பிக் கொடுத்ததுபோல.

தண்ணீருக்குக் காசு.
மனிசிக்குப் பக்கத்தில் இருக்கவும் காசு.
அவள் நாலாம் வரிசை, நான் பதினொன்று.
"முப்பத்தொரு வருசத்தில
இது ஒண்டுதான் இலவசம்" என்று சிரித்தாள்.

யன்னலுக்கு ஆயிரத்து எண்ணூறு கேட்டார்கள்.
ஓடுபாதைக்குத் தெற்கே எங்கேயோ
எங்கள் ஏழு பரப்பு,
இன்னும் விடாத ஏழு பரப்பு, கிணறும்.
என் காணியைப் பார்க்க
நான் ஏன் காசு கட்ட வேண்டும்?
கட்டவில்லை.

எழும்பும்போது யன்னலோரத்தில்
யாரோ ஒருவன், வாய் திறந்த நித்திரை.
அவன் தோளுக்கு மேலால் எட்டினேன்:
செம்மண், ஒரு பனங்கூடல்,
விசிறி, விசிறி,
கடல்.

இடப்பக்கத்து மாம்பழம் நசிந்து
தொடை பிசுபிசுத்தது.

திரும்பி வரும்போது ஒரு கண்ணில் கட்டு இருக்கும்.
மற்றக் கண்ணுக்கு எந்தப் பக்க யன்னல் தோது என்று
இப்பவே விசாரிக்க வேண்டும்.
காசு கட்டித்தான்.