பத்து லெய்

முதல் ஏற்றத்திலேயே பேச்சு நின்றுபோனது.
சரளைப் பாதையில் எதுவும் சரளமாக வருவதில்லை,
மூச்சு உட்பட.
முன்னால் போகிறான் சிலார்ட்.
அவன் பின்சக்கரம் தெறிக்கும் கற்களை வைத்து
அவன் எரிச்சலை அளக்கிறேன்.
வரைபடத்தில் பாதை இருந்த இடத்தை
யாரோ உழுது சோளம் போட்டிருக்கிறார்கள்.
அந்தக் கோட்டை வரைந்தவள் நான்.

திரான்சில்வேனியக் குன்றுகள்
ரயிலிலிருந்து பார்த்தால் கனிவானவை.
கிட்டே வந்தால் பதினெட்டு சதவீதச் சரிவு.
நடந்தாலே இதைவிட வேகமாகப் போகலாம்.
நடக்க மாட்டேன் என்ற வீம்பில் மட்டும்
உருள்கிறது சக்கரம்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகள்.
ஆடுகளுக்கு முன்னால் ஐந்து நாய்கள்.
ஓட்டக்கூடாது, இங்கே எல்லோருக்கும் தெரியும்.
இறங்கி, சைக்கிளைக் குறுக்கே பிடித்து,
மெல்ல மனிதராகிவிட வேண்டும்.
சிலார்ட் ஹங்கேரிய மொழியில் கெஞ்சினான்,
நான் ருமேனிய மொழியில்.
மேய்ப்பன் தொலைவிலிருந்து ஒரு சீழ்க்கை விட்டான்.
அதுதான் அவற்றுக்குப் புரிந்தது.

இந்தப் பக்கத்தில் பாதைப் பள்ளங்களைப்
பழைய கூரை ஓடுகளால் நிரப்புகிறார்கள்.
இறக்கத்தில், விரல்கள் பிரேக்கிலேயே விறைத்திருக்க,
யாருடைய கூரையோ
என் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது.
வெள்ளைப் பால் சீறிக் கெண்டைக்காலை நனைத்தது.
கட்டைவிரல் நக அளவுக் கிழிசல்.
ட்யூப் இருந்தது. ட்யூப் மட்டும் போட்டால்
அந்த வாய் வழியே பிதுங்கி வெடிக்கும்.
எங்கள் நாட்டு நோட்டு பிளாஸ்டிக்,
துணியோடு துவைத்தாலும் சாகாது.
என்னிடமிருந்த ஒரே பத்து லெய்யை நான்காய் மடித்து
உள்ளே வைத்துக் காற்றடித்தேன்.
சிலார்ட் பம்பை மட்டும் நீட்டினான்,
வார்த்தையை அல்ல.

ஊர் வந்தது.
நீலச் சுவர், பச்சைச் சுவர்,
நெற்றியில் 1823 என்று எழுதிய வீடு,
வழிவிடாத வாத்துகள்.
நடுவில் மதில் சூழ்ந்த தேவாலயம்.
வாசலில் ராரெஷ், பதினான்கு வயது,
முழங்கை நீளச் சாவியை மடியில் போட்டு
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.
சாவி அம்மாவுடையது.
அம்மா பல் பிடுங்கப் போயிருக்கிறாள்.
"ஆளுக்குப் பத்து லெய்."
சிலார்டிடம் கார்டு மட்டும்தான்.
ராரெஷ் மதிலைப் பார்த்தான், கார்டைப் பார்த்தான்,
இன்னொரு விதையைக் கடித்தான்.

"பணம் இருக்கிறது," என்றேன். "இதற்குள்."
குந்தி உட்கார்ந்து டயரை அமுக்கிப் பார்த்தான்.
ரொம்ப நேரம் யோசித்தான்.
"அப்படியானால் கட்டணம் கட்டியது சைக்கிள்.
சைக்கிள் உள்ளே போகலாம். நீங்கள் போக முடியாது."
"அது தனியாகப் போகாதே."
"நான் எதற்கு இருக்கிறேன்?"

சீட் எட்டவில்லை, நின்றபடியே மிதித்தான்.
விதி விதிதான் என்று
உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டான்.

மதிலில் முதுகு சாய்த்து உட்கார்ந்தோம்.
கல்லுக்கு அந்தப் பக்கம் என் சைக்கிள்
வட்டமடித்தது.
புல்லில் போகும்போது ஒன்றுமில்லை.
சரளையில் நொறுநொறு.
வளைவுக்கடியில் அதே நொறுநொறு,
இரண்டு மடங்காக.
இரண்டாம் சுற்றில் ஒரு கோழி கத்தியது.
மூன்றாம் சுற்றில் அவனே கத்தினான்.
நான்காவதில் சிலார்ட் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
"கேட்டாயா? ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டிக்.
உன் இடது பெடல் தளர்ந்திருக்கிறது."
சோளக்காட்டுக்குப் பிறகு
அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.

ராரெஷ் வெளியே வந்தான், காது சிவந்து.
"உள்ளே எப்படி இருக்கிறது?"
"இடது பக்க வளைவில் கொஞ்சம் வழுக்கும்."
ஐந்நூறு வருட மதிலைப் பற்றி
அவன் சொன்னது அவ்வளவே.

பெடலை முறுக்கினேன்.
ரயிலுக்கு இன்னும் இரண்டு குன்றுகள்.
முன்னால் போ என்று
இந்தமுறை சிலார்ட் கை காட்டினான்.