ஒற்றைக்கொம்பு

குடும்ப அட்டையில் அப்பா லெட்சுமணப்பெருமாள்.
என் மாற்றுச் சான்றிதழில் லட்சுமணப்பெருமாள்.
நடுவில் ஒரு கொம்பு.

முக்கூடல் இ-சேவை மையத்தில்
டோக்கன் நாற்பத்திரண்டு.
திரையைப் பார்த்தபடியே அந்த அக்கா சொன்னாள்:
"இவரு வேற ஆளு, அவரு வேற ஆளுன்னு
திருப்பி அனுப்பிருவாவ."

கொம்பு வைத்த அப்பாவுக்கு
ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம்.
கொம்பில்லாதவர்
என்னை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தவர்.
அன்று பதிவேட்டை எழுதிய கை
வெளியூரில் படித்த கையோ,
மை தீர்ந்துபோன கையோ.

எங்கள் பக்கத்தில் எல்லா லட்சுமிக்கும் கொம்பு உண்டு.
லெட்சுமி ஸ்டோர், லெட்சுமி பாத்திரக்கடை,
நாலாம் வீட்டு லெட்சுமிக் குட்டி.
யாரும் அதில் தடுக்கி விழுந்ததில்லை.
முதல் பட்டதாரிச் சான்றுக்கு எழுதிப் போட்டிருந்தேன்,
அதற்கு முன்பே
இதில் முதல் ஆளாகிவிட்டேன்.

திருத்துவதற்கு ஆறு எண் வரும்.
வருவது அப்பாவின் போனுக்கு.
அப்பா இருப்பது கொல்லத்தில்,
பரோட்டாக் கல்லுக்குப் பின்னால்.
மணி பகல் ஒன்றரை.
முதல் தடவை எடுக்கவில்லை.
இரண்டாம் தடவை ஒரு பையன் எடுத்து
மலையாளத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டான்.
மூன்றாம் தடவை அப்பா:
"கையெல்லாம் மாவு ஏட்டி.
பையன் வாசிப்பான், எழுதிக்கோ."
நாலு, ஏழு, பூஜ்யம், பின்னே என்று
அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே
பத்து நிமிடம் முடிந்து
திரை முதல் பக்கத்துக்குப் போய்விட்டது.
அக்கா நாற்பத்துமூன்றை அழைத்தாள்.

அம்மாவுக்கு ஆச்சரியமில்லை.
இலை ஒரு நூல் கூடினாலும்
கட்டைப் பிய்த்துக் கழித்துப் போடுகிற கடைக்கு
பதினெட்டு வருசமாய்ப் பீடி போடுகிறவள்.
தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:
"அவனுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
தாசில்தாராக இருக்கலாம்.
கொல்லத்தில் இருப்பவராகவும் இருக்கலாம்.

சேரன்மாதேவியில்,
தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் வேதமாணிக்கம்
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அடித்துக் கொடுத்தார்.
மேற்படி லெட்சுமணப்பெருமாளும்
மேற்படி லட்சுமணப்பெருமாளும்
என் கணவராகிய ஒருவரே
என இதனால் உறுதி கூறுகிறேன்.
புகையிலை மணக்கும் விரலால்
அம்மா கையெழுத்துப் போட்டாள்.
இருநூற்றைம்பது ரூபாய்.
பேரம் பேசினாள், குறைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
அதையே வாசித்துக்கொண்டு வந்தேன்.
வருசத்துக்கு இரண்டு தடவை
நேந்திரங்காய் வற்றலோடு வந்து
பேசாமல் தூங்கிவிட்டுப் போகிறவர் ஒருவர்.
ராத்திரி பன்னிரண்டுக்குக் கடையடைத்தபின்
கட்-ஆஃப் எவ்வளவு என்று போனில் கேட்டு
புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் விடாமல்
சிகரெட் அட்டையில் எழுதிக்கொள்கிறவர் ஒருவர்.
ஒருவரே.
அதைச் சொல்ல ஒரு நோட்டரி வேண்டியிருந்தது.

மூன்றாம் சுற்றில் கோவையில் சிவில் கிடைத்தது.
பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளி.
புதனன்று ரயிலிறங்கி
முகம்கூடக் கழுவாமல் வங்கிக்கு வந்துவிட்டார் அப்பா.
கடன் மனுவில் பதினொரு இடத்தில்
அவர் கையெழுத்து வேண்டும்.
மேனேஜர் விஜயவாடாக்காரர்,
தமிழ் வாசிக்கத் தெரியாது.
எல்லாம் சேமா இருக்கணும், சேம், சேம் என்று
பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினார்.

அப்பா பேனாவைத் தாளுக்கு மேல் நிறுத்தினார்.
நகக்கண்ணில் மைதா.
ஒரு நாளைக்கு எண்ணூறு பரோட்டா வீசுகிற மணிக்கட்டு
அப்படியே அந்தரத்தில் நின்றது.
என் பக்கம் சாய்ந்து,
மேனேஜருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று மெல்ல,
"ஏட்டி, கொம்பு போடவா, வேண்டாமா?"

என் மடியில் பதினான்கு தாள்கள்.
முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன்.